சாம்பல் வண்டிக்குக் கறுப்பு அடித்த ஐப்பசி

பெயிண்டில் கலக்கும் தின்னர் வாசனையும் ஈரச் சாணி வாசனையும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். மேலே மூக்கைப் பிடுங்கும் நெடி, அதற்கு அடியில் மாட்டுக் கொட்டிலின் குளிர்ந்த மணம், இரண்டும் சேர்ந்து தொண்டைக்குள் இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். இந்த வயதிலும் மழைக்காலத்தில் ஏதாவது பட்டறை ஓரமாக நடக்கும்போது அந்த வாசனை அடித்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரும். டெல்டா மழையைப் பற்றி உருகி உருகி எழுதுகிறார்களே, மண்வாசனையாம், தவளைச் சத்தமாம், அவர்களில் ஒருவரையாவது பிடித்து ஐப்பசி மாதத்தில் எங்கள் தெருவில் கொண்டுபோய் நிறுத்தி, "எங்கே, ஒரு காருக்குப் பெயிண்டு அடித்துக் காயவைத்துக் காட்டுங்கள் பார்ப்போம்" என்று சொல்ல வேண்டும்போல இருக்கும்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்கு அப்பால், நான்கு பக்கமும் வயல் சூழ்ந்த ஊர். எங்கள் தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் மிராசுதார் நிலத்தில் நட்டு, களை பறித்து, அறுத்துப் பிழைத்தவர்கள். மிராசுதார் மேடையில் ஏறினால் சமத்துவம் பேசுவார், சுயமரியாதை பேசுவார், தோளில் கறுப்புத் துண்டு போட்டுக்கொண்டு தொண்டை கட்டும்வரை பேசுவார். ஆட்சி மாறினால் அவர் கார் முன்னால் பறக்கும் கொடி மாறும். காரும் மாறாது, நிலமும் குறையாது. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது அவருடைய வயல்கள் யார் யார் பெயருக்கோ போயின, விளைச்சல் மட்டும் வழி தெரிந்த மாடு மாதிரி அவர் குடோனுக்கே வந்து சேர்ந்தது. கூலியை உயர்த்திக் கேட்டு எங்கள் தெரு ஆட்கள் அறுவடைக்கு இறங்காமல் நின்ற வருஷம் போலீஸ் வேன் வந்தது, அப்பாவையும் இன்னும் சிலரையும் ஏற்றிக்கொண்டு போனது. அந்த வேனுக்கு முன்னால் வழிகாட்டிக்கொண்டு வந்தது அவருடைய கார்தான்.

அந்தக் காருக்கு எங்கள் பக்கத்தில் "சாம்பல் வண்டி" என்று பெயர். அடுப்புச் சாம்பலை நீரில் கரைத்துப் பூசினதுபோல ஒரு நிறம். அது தூரத்தில் தெரிந்தாலே, உட்கார்ந்திருப்பவர் எழுந்துவிட வேண்டும், தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு வந்துவிட வேண்டும், தலையில் எது இருந்தாலும் இறங்கிவிட வேண்டும். வயலில் நாற்று நடும் பெண்கள்கூட நிமிர்ந்து, வண்டி போகும்வரை அப்படியே நிற்பார்கள். உள்ளே அவர் இருக்கிறாரா, இல்லை டிரைவர் வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறாரா என்று யாரும் குனிந்து பார்த்ததில்லை. வண்டிக்குத்தான் மரியாதை. ஒரு தகரத்துக்கு!

என் சின்னம்மாவுக்குப் பிரசவ வலி எடுத்தது ஒரு கார்த்திகை மாதம். வழியெல்லாம் சேறும் பள்ளமும், மாட்டுவண்டி ஆட்டத்தை அவள் தாங்க மாட்டாள். சித்தப்பா ஓடிப்போய் மிராசுதார் வீட்டு வாசலில் நின்று காரைக் கேட்டார். சாம்பல் வண்டி அப்போது கொட்டகையில்தான் நின்றது. "சீட்டெல்லாம் நாசமாயிடும்டா. கட்டில்ல தூக்கிட்டுப் போங்க, சீக்கிரம் போங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்ததாம். கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு போனார்கள். தார்ச்சாலைக்குப் போய்ச் சேர்வதற்குள் சின்னம்மாவும் போய்விட்டாள், வயிற்றில் இருந்ததும் போய்விட்டது. சித்தப்பா அதற்குப் பிறகும் மிராசுதாரின் களத்துக் காவல் வேலையில்தான் இருந்தார், ஏனென்றால் அவர் குடியிருந்த குடிசை மிராசுதார் மனையில் இருந்தது. எனக்கு அந்த வயதில் மனை, பட்டா எதுவும் புரியாது. சித்தப்பாவைப் பார்த்தாலே எரிச்சல் வரும், அவ்வளவுதான்.

மறு வருஷம் மிராசுதார் புதிதாக ஒரு வெள்ளைக் கார் வாங்கினார். பழைய சாம்பல் வண்டியை மன்னார்குடியில் ஒரு தரகரிடம் தள்ளிவிட்டார். என் அக்கா செல்வியின் கணவர், கலியமூர்த்தி அத்தான், அப்போது டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் போய் அந்தத் தரகரிடமிருந்து வண்டியை வாங்கிவிட்டார். வாடகைக்கு ஓட்டலாம் என்று வெளியே சொன்னாலும் காரணம் தெருவுக்கே தெரியும். அக்கா அப்போது பிள்ளைத்தாய்ச்சி, அந்த வருஷக் கார்த்திகையில் அவளுக்குப் பிரசவ நாள். இன்னொரு பெண்ணைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு போக எங்கள் தெருவில் யாருக்கும் தோள் வராது.

டிராக்டரில் கயிறு கட்டிச் செத்த மாட்டை இழுப்பதுபோல இழுத்துக்கொண்டு வந்தபோது ஒருவருக்கும் உறுத்தவில்லை. அத்தான் இன்ஜினைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்து, அது எங்கள் தெருவில் உறுமத் தொடங்கிய அன்றைக்குத்தான் காரியக்காரர், அதாவது மிராசுதாரின் நிலத்தை மேற்பார்க்கும் ஆள், குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அய்யா சொல்லச் சொன்னாரு. வண்டி உங்க தெருவுல கிடக்கலாம், அதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா கலரை மாத்தாம அது பாலத்தைத் தாண்டக் கூடாது. வழியில இருக்கிறவன் அய்யா வர்றாருன்னு எந்திரிச்சு நிப்பான், உள்ள பார்த்தா நீங்க உக்காந்திருப்பீங்க. நல்லாவா இருக்கும்? நீயே சொல்லு கலியமூர்த்தி."

எங்கள் தெருவிலிருந்து தார்ச்சாலைக்குப் போக ஒரே வழி, வாய்க்கால் பாலம். பாலத்தைத் தாண்டினால் மிராசுதாரின் களம், அதன் ஓரமாகத்தான் பாதை. அன்று சாயங்காலமே பாலத்து வாயில் ஒரு பாரவண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டார்கள். அதற்குக் காவல் யார் தெரியுமா? சித்தப்பா!

"அடிச்சுத் தொலைப்போம், வேற கலரு" என்றார் அத்தான். அவருக்கு ஒரு சினேகிதர் இருந்தார், கூத்தாநல்லூர் அமீர் பாய். இளம் வயதிலேயே அரபு நாட்டுக்குப் போய், பாலைவனத்துக்கு நடுவே ஏதோ ஓர் ஊரில் கார்களுக்குப் பெயிண்டு அடிக்கும் பட்டறையில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். வெள்ளைச் சட்டையும் அத்தர் மணமுமாக இருப்பார், எந்நேரமும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். தொழிலில் கெட்டிக்காரர்தான், ஆனால் கற்றதெல்லாம் அங்கே. இங்கே ஒரு மழைக்காலத்தில்கூடப் பெயிண்டு கன்னைக் கையில் பிடித்தவர் இல்லை. அவரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

என்ன கலர் என்று பேச்சு வந்தபோது அமீர் பாய், "கறுப்பு மட்டும் வேணாம்ங்க, சின்னக் குறையைக்கூடக் காட்டிக் கொடுத்துடும்" என்றார். அத்தான் பிடிவாதமாகக் கறுப்புதான் என்றார். "மேடைக்கு மேடை கறுப்புத் துண்டைப் போட்டுக்கிட்டுப் பேசுறாருல்ல, பார்க்கட்டும்" என்றார். தெருவே கைதட்டிச் சிரித்தது.

தேய்க்கும் வேலை எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு வந்தது. பழைய பெயிண்டு போக, தண்ணீர் தொட்டுத் தொட்டு "வாட்டர் பேப்பர்" என்ற உப்புத்தாளால் தேய்த்தோம், விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துபோனது. காலையில் பளபளவென்று வெள்ளித் தகடுபோல விட்டுவிட்டுப் போன இடம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் பழுப்பேறிக் கிடக்கும். மறுபடி தேய்க்க வேண்டும். காற்றிலேயே துரு இருந்தது அந்த மாதத்தில்! பள்ளங்களை அடைக்கப் பூசும் "பட்டி" காயாமல் கொழகொழவென்றிருந்தது. வண்டியின் மூக்குப் பக்கத்தில் கொடிக்கம்பியைப் பிடுங்கின ஓட்டை ஒன்று இருந்தது. அதை அடைக்க அடைக்க உள்வாங்கிக்கொண்டே போனது. அமீர் பாய் விரலால் தொட்டுப் பார்த்து, "அங்க பட்டியைப் போட்டுட்டு டீ குடிச்சிட்டு வந்தா தேய்க்கலாம்மா. இங்க என்னடான்னா களிமாதிரி ஒட்டுது" என்று தலையைச் சொறிந்துகொண்டார்.

காய்ந்த இடம் ஒன்று வேண்டும் என்று அவர்தான் சொன்னார். கூரை வேண்டும், சிமெண்டுத் தரை வேண்டும், நாலு பக்கமும் சுவர் வேண்டும். எங்கள் ஊரில் அப்படி ஓர் இடம் ஒன்றே ஒன்றுதான், மிராசுதாரின் நெல் குடோன். குறுவை நெல்லெல்லாம் விற்றாகிவிட்டது, சம்பா நெல் தை மாதத்தில்தான் வரும். நடுவில் அது காலியாக, எலிகூட இல்லாமல், பூட்டிக் கிடந்தது. மிராசுதார் சொன்னபடி கலர் மாற்றத்தானே கேட்கிறோம் என்று அப்பா நம்பிப் போனார், குடை பிடிக்க என்னையும் கூட்டிக்கொண்டு.

மிராசுதார் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் முற்றத்துக்கு வெளியே மழையில் நின்றோம். அப்பா சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"இன்னிக்கு வண்டியை உள்ள விடச் சொல்லுவீங்க. நாளைக்கு குடோனும் எங்களுதுன்னு கொடி நடுவீங்க. எனக்குத் தெரியாதா உங்களை?"

"பொண்ணுக்கு நாள் நெருங்குதுங்க. ஒரு ரெண்டு நாளைக்கு மட்டும் விட்டீங்கன்னா…" என்றார் அப்பா.

"நான் என்ன பண்ணச் சொல்றே? மழையை நானா பெய்யச் சொன்னேன்?"

அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு திரும்பினார். வழியெல்லாம் அவர் பல்லைக் கடிக்கும் சத்தம் மழையிலும் எனக்குக் கேட்டது. குடையைப் பிடித்திருந்த என் கையைப் பிடித்தவர் எவ்வளவு இறுக்கினார் என்று அவருக்கே தெரியவில்லை, கை சிவந்துவிட்டது.

தெரு சேர்ந்து ஒரு கீற்றுக் கொட்டகை போட்டது. பக்கவாட்டில் அடைக்க உர மூட்டைச் சாக்குகளைப் பிரித்துத் தைத்துக் கட்டினார்கள். யூரியா இருந்த சாக்கு எப்போது தொட்டாலும் பிசுபிசுவென்று ஈரமாகவே இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், வேறு சாக்கு இல்லாததால் அதையே கட்டினார்கள். மன்னார்குடியிலிருந்து டீசல் இன்ஜினில் ஓடும் கம்ப்ரசர் வந்தது. மழை ஒரு காலை நேரம் வெறித்திருந்தது. அமீர் பாய் அவசரப்பட்டார், "இன்னிக்கே அடிச்சிடுவோம், விட்டா வானம் மூடிக்கும்."

அப்போதுதான் அந்தத் தப்பு நடந்தது. அதைத் தப்பு என்று சொல்லவே எனக்கு நாக்கு கூசுகிறது. அமீர் பாய் வேலை பார்த்த பட்டறையில், பெயிண்டு அடிப்பதற்கு முன் தூசி பறக்காமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளிப்பார்களாம்; வாளியைக் கீழே வைப்பதற்குள் தரை காய்ந்துவிடுமாம். அந்தப் பழக்கத்தில், "தரையைக் கொஞ்சம் ஈரம் பண்ணிடுங்கம்மா" என்று பெண்களிடம் சொன்னார். எங்கள் பெண்களுக்குத் தரையை ஈரம் பண்ணுவது என்றால் என்ன? வீட்டுக்கு ஒரு வாளி சாணி கரைத்துக் கொண்டுவந்துவிட்டார்கள். தெருவுக்கு முதல் முதலாக ஒரு கார், அதற்கு முதல் வேலை, வெறும் தண்ணீரா தெளிப்பார்கள்? அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மூலை முடுக்கு விடாமல் கெட்டியாக மெழுகினாள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து சக்கரத்துக்கு முன்னால் கோலம் போட்டாள். ஐப்பசியில் மெழுகிய மண்தரை எப்போது காய்வது? உள்ளே போனால் மூச்சே தண்ணீராக இருந்தது. அதற்கு மேல் சாக்கையும் இழுத்து மூடினார்கள்.

அமீர் பாய் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு கன்னை எடுத்தார். உஸ்ஸென்ற சத்தத்தோடு கறுப்பு இறங்க இறங்க, ஐயோ, அது என்ன அழகு! சாக்கு இடுக்கு வழியாகப் பார்த்த எனக்குக் கதவில் என் பல்லெல்லாம் தெரிந்தது. வெளியே நின்றவர்கள் ஆளுக்கு ஆள் முண்டியடித்து எட்டிப் பார்த்தார்கள். "மிராசுதாரோட புது வண்டி நிக்குமா இதுக்கு முன்னால" என்று யாரோ சொன்னார்கள். அத்தான் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு, கண்ணாடியில் வாயால் ஊதினால் படியுமே, அதைப்போல மேலே ஏதோ படிய ஆரம்பித்தது. முதலில் கூரையில், பிறகு மூக்கில், பிறகு கதவுகளில். பளபளப்பு செத்துக்கொண்டே வந்தது. என் பல் மறைந்தது, முகம் மறைந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி மொத்தமும் பழையபடி சாம்பல் நிறத்துக்குத் திரும்பிவிட்டது. கூட்டத்தில் ஒரு பெண், "அவன் கலரு போக மாட்டேங்குதே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

அமீர் பாய் கன்னைக் கீழே போட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், அப்புறம்தான் அவருக்குப் புரிந்தது. "பூத்துப் போச்சு கலியமூர்த்தி. தின்னர் சட்டுனு பறக்கும்போது பெயிண்டு சில்லுனு ஆயிடும், காத்துல இருக்கிற ஈரம் அதுல படிஞ்சு உள்ளயே மாட்டிக்கும். நான் அங்க இதைப் பார்த்ததே இல்ல. தரையை நனைக்கச் சொன்ன என் வாயில மண்ணைப் போட" என்றார். ஒரு நல்ல வெயில் அடித்தால் போதுமாம், மேலே லேசாகத் தின்னரைத் தூவி, பாலிஷ் போட்டுக் கறுப்பைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாமாம். வெயில்! ரேடியோவில் புயல் சின்னம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஊரில் பேச்சு எப்படிப் போனது தெரியுமா? "பொம்பளைங்க சாணியைக் கொட்டிக் காரைக் கெடுத்துட்டாளுங்க" என்று. மிராசுதார் வகையறா இருந்த மேலத்தெருவில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம். காலியாகக் கிடந்த குடோன் ஒருத்தன் கண்ணிலும் படவில்லை. சிமெண்டுத் தரையைப் பூட்டிவைத்துக்கொண்டு, மண்தரைக்காரி மெழுகியதைக் குற்றம் சொல்ல எப்படித்தான் வாய் வந்ததோ! அம்மா அதன் பிறகு பல நாள் தலை குனிந்தே நடந்தாள். இன்றுவரை அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை.

காரியக்காரர் வந்து சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டுக் கொதித்தார். "கலரை மாத்துங்கடான்னா அதே கலரை அடிச்சு வச்சிருக்கீங்களா? அய்யாகிட்டயே நக்கலா?" எவ்வளவு எடுத்துச் சொல்லியும் அவர் நம்பவில்லை. பாரவண்டி பாலத்து வாயிலேயே நின்றது.

வெயில் வரவில்லை. அக்காவுக்கு வலி நாளுக்கு முன்பாகவே வந்துவிட்டது, ஒரு விடியற்காலை, கொட்டும் மழையில். மருத்துவச்சி பார்த்துவிட்டு, "என்னால ஆகாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று கையை விரித்தாள். அத்தான் சாக்கைக் கிழித்து எறிந்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். பின் சீட்டில் அக்கா, அம்மா, துணி மூட்டையோடு நான். முன் சீட்டில் அப்பா, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு கடப்பாரை. பாரவண்டியை உடைப்பது என்று முடிவு செய்துவிட்டார். காவலுக்கு இருப்பது சொந்தத் தம்பி என்பது அவருக்குத் தெரியும். "குறுக்க வந்தா அவனையும் பார்த்துக்கலாம்" என்றார். அவர் குரலே அவர் குரல்போல இல்லை.

மழையில் பாலம் மங்கலாகத் தெரிந்தது. பாரவண்டிக்குப் பக்கத்தில் சித்தப்பா, சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் மாட்டிக்கொண்டு குந்தியிருந்தார். அப்பா கதவுப் பிடியில் கை வைத்தார். அத்தான் ஹாரனை அடித்தார்.

சித்தப்பா எழுந்தார். எங்களைப் பார்த்துவிட்டு எழுந்ததுபோல இல்லை, நெருப்பு சுட்டதுபோலத் துள்ளி எழுந்தார். ஒரே ஆளாகப் பாரவண்டியின் நுகத்தடியைப் பிடித்து, கால் சேற்றில் வழுக்க வழுக்க இழுத்து, வழியை விட்டார். பிறகு தலையிலிருந்த சாக்கைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தக் கொட்டும் மழையில் வெறுந்தலையோடு குனிந்து நின்றார். நாங்கள் அவரை உரசினாற்போலக் கடந்தோம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன், கையை நீட்டினால் தொடலாம். அவர் நிமிரவே இல்லை.

"ஓட்டு" என்றார் அப்பா. கடப்பாரையைக் காலடியில் போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். தார்ச்சாலையில் டீக்கடைக் கீற்றுக்கு அடியில் நனைந்துகொண்டிருந்தவர்கள் எழுந்தார்கள். சைக்கிளில் வந்தவர் இறங்கி ஓரமாக நின்றார். மிராசுதாரிடம் வெள்ளைக் கார் இருப்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன, உடம்பு முந்திக்கொண்டது. அக்கா வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டே வெளியே பார்த்து, "யாரும்மா இவங்க, யாருக்கு எந்திரிக்கிறாங்க?" என்றாள். அம்மா அவள் தலையைத் தன் மடியில் அழுத்திக்கொண்டு, "நீ வெளிய பாக்காத" என்றாள்.

மன்னார்குடி ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தமிழரசி. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு பேரும் இல்லை என்று டாக்டரம்மா திட்டினார். நல்லவேளை, நல்லவேளை என்று எல்லோரும் சொன்னார்கள். ஈரம் படிந்து பெயிண்டு கெட்டது நல்லதாய்ப் போயிற்று, கடவுள் செயல் என்றுகூடச் சொன்னார்கள். எனக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை. ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வழி விட அவனுடைய கலர் வேண்டியிருக்கிறது என்றால் அதில் என்ன கடவுள், என்ன செயல்?

அக்கா வீடு திரும்பியபின் நான் சித்தப்பாவைத் தேடிப் போனேன். களத்து மேட்டில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"நாங்கதான்னு தெரிஞ்சுதானே வழி விட்டீங்க?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று எனக்கு இருந்தது.

அவர் கயிற்றை நிறுத்தினார். "இல்ல பாப்பா. சாம்பல் வண்டின்னு எந்திரிச்சேன். அய்யாதான்னு நெனச்சேன்."

"நாங்கதான்னு தெரிஞ்சிருந்தா?"

"தெரியலை பாப்பா" என்றார். பிறகு, "உன் சின்னம்மாவை நெனச்சு விட்டிருப்பேனோ என்னவோ. நெசமா எனக்குத் தெரியலை" என்று சொல்லிவிட்டு மறுபடி கயிற்றைத் திரிக்க ஆரம்பித்தார். நான் காலால் அவருடைய தேங்காய் நார்க் குவியலை எட்டி உதைத்துவிட்டு ஓடி வந்தேன். அவர் திட்டவில்லை, எழுந்து பொறுக்கினார்.

கார்த்திகைக் கடைசியில் வெயில் வந்தது. அமீர் பாய் சொன்னபடியே தின்னரைத் தூவி, பாலிஷ் போட்டு, கறுப்பை மீட்டுக் கொடுத்தார். அதன் பிறகு அந்த வண்டிக்கு ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பாரவண்டியையும் எடுத்துவிட்டார்கள். டீக்கடையில் உட்கார்ந்தபடியே, "என்ன கலியமூர்த்தி, வாடகைக்கு வருமா?" என்று கேட்டார்கள். அத்தானுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைகள் பல வருஷம் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தன. கொடிக்கம்பி இருந்த ஓட்டையைச் சுற்றி மட்டும் ஒரு சாம்பல் வளையம் கடைசிவரை போகவே இல்லை, வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்ட அன்றும் இருந்தது.

போன ஐப்பசியில் ஊருக்குப் போனேன். கூட்டிக்கொண்டு போனது தமிழரசி, அவளுடைய சொந்தக் காரில். கறுப்பு. நான்தான் கறுப்பு வாங்கச் சொன்னேன். இப்போதெல்லாம் கம்பெனியிலேயே சூட்டில் வைத்துப் பெயிண்டைக் காயவைத்து அனுப்பிவிடுகிறார்கள். எந்த மழையிலும் பூப்பதில்லை, வழியெல்லாம் அடித்த மழைக்கும் வண்டி மினுமினுவென்றிருந்தது. பாலம் சிமெண்டுப் பாலமாகிவிட்டது. களம் இல்லை, மனை மனையாகக் கல் நட்டுவிட்டார்கள். நெல் குடோன் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது, மிராசுதார் குடும்பம் பட்டணத்துக்குப் போய்ப் பல காலம் ஆகிறது. கீற்று, யூரியாச் சாக்கு, பாரவண்டி எதையும் காணோம். எங்கள் தெருவில் எல்லாம் மாடி வீடுகள்.

சித்தப்பா தம் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், தூறலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது அவர் சொந்த வீடு, பட்டா அவர் பெயரில். எங்கள் கார் தெருவுக்குள் திரும்பியது. அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தலையிலிருந்து துண்டை எடுத்தார்.

தமிழரசி கண்ணாடியை இறக்கி, "தாத்தா, நான்தான். தமிழரசி. உக்காருங்க" என்றாள்.

"தெரியும்மா, நீதான்னு தெரியும்" என்றார். உட்காரவில்லை.

நான் கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கினேன். "உக்காருங்க சித்தப்பா!" என்று கத்தினேன். அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்றிருந்தது. இரண்டு தோளையும் பிடித்து அவரை நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்தேன், துண்டை எடுத்து மறுபடி தலையில் போட்டேன். அவர் சிரித்தார், "சரி பாப்பா, சரி" என்றார். தமிழரசி வண்டியை ஓரம் கட்டுவதற்காக மெல்ல நகர்த்தினாள். என் கைகளுக்கு அடியில் அவர் தோள் மறுபடி மேலே எழும்பியது.